சர்வரில் 41, பிரவுசரில் 40: ஐடியின் கடைசி இலக்கம் எங்கே மாறுகிறது?

தும்பி எழுதியது:

இரண்டு நாளாக மண்டை காய்கிறது. யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

சர்வர் ஜாவா. டேட்டாபேஸில் ஐடி 64 பிட் முழு எண், ஜாவாவில் அது லாங். பிரவுசர் பக்கம் ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட். நடுவே தரவை எழுத்தாக எடுத்துச்செல்லும் ஜேசன் வடிவம். பட்டியல் பக்கம் அழகாக வருகிறது. ஆனால் ஏதாவது ஒரு வரிசையில் 'நீக்கு' பொத்தானை அழுத்தினால் 404, அதாவது 'அப்படி ஒன்று இல்லை'. சர்வர் லாகைப் பார்த்தால், வந்து சேர்ந்த ஐடி டேட்டாபேஸில் இல்லவே இல்லை.

உண்மையான ஐடியை இங்கே போட முடியாது. அதே மாதிரி உடைகிற ஒரு எண்ணைத் தருகிறேன். சர்வர் அனுப்புவது 72057594037927941. பிரவுசரிலிருந்து திரும்பி வருவது 72057594037927940.

குழப்பம் என்னவென்றால், பிரவுசரின் நெட்வொர்க் டேபிலும் 40 என்றுதான் இருக்கிறது. அப்படியென்றால் சர்வர்தானே தப்பாக அனுப்புகிறது? ஆனால் அதே முகவரியை கர்ல் (பிரவுசர் இல்லாமல் கேட்கும் கட்டளைக் கருவி) வைத்துக் கேட்டால் 41 வருகிறது. டெஸ்ட் சூழலில் இந்தப் பிரச்சினை ஒரு தடவைகூட வந்ததில்லை.

---

பழைய நிரலர் எழுதியது:

நெட்வொர்க் டேபில் 'ப்ரிவ்யூ' பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே 'ரெஸ்பான்ஸ்' என்று இன்னொன்று இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். 41 இருக்கும். ப்ரிவ்யூ என்பது வந்த எழுத்தைப் பிரவுசர் ஏற்கெனவே பார்ஸ் செய்து, அதாவது தன் மதிப்புகளாக மாற்றிவிட்டுக் காட்டுவது. அதாவது, நோய் வந்த கண்ணாலேயே நோயைப் பார்க்கிறீர்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண் எல்லாமே 64 பிட் மிதவைப்புள்ளி, ஜாவாவின் டபுள் மாதிரி. அந்த 64 பிட்டில் எண்ணின் துல்லியத்துக்குக் கிடைப்பது 53 பிட்தான். அதனால் 9007199254740991 வரை ஒவ்வொரு முழு எண்ணையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள முடியும். ஜாவா லாங் 9223372036854775807 வரை போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் முழுக்கக் கண்ணிவெடி.

எல்லையைத் தாண்டியதும் முதலில் இரட்டைப்படை எண்கள் மட்டும் மிஞ்சும். பிறகு 4-இன் மடங்குகள், 8, 16 என்று இடைவெளி விரிந்துகொண்டே போகும். உங்கள் எண் இருக்கும் இடத்தில் இடைவெளி 16. அதற்கு மிக அருகில் இருக்கும் மதிப்பு 72057594037927936.

ஆமாம், 36. நினைவகத்தில் இருப்பது 40கூட இல்லை. எண்ணைத் திரையில் எழுதும்போது, அதே டபுளுக்குத் திரும்பி வரக்கூடிய மிகக் குறைந்த இலக்கங்களைத் தேர்ந்தெடுத்து மீதிக்குப் பூஜ்யம் போட்டுவிடுகிறது ஜாவாஸ்கிரிப்ட். எனவே அந்த 40 வெறும் கண்துடைப்பு. 941, 942, 943 மூன்றும் ஒரே டபுளில் போய் விழுகின்றன, மூன்றும் 940 என்றே தெரியும்.

டெஸ்ட் சூழலில் ஐடி 1, 2, 3 என்று ஆரம்பித்திருக்கும். புரொடக்ஷனில் நேரத்தை வைத்து உருவாக்கும் நீள ஐடியா?

---

தும்பி எழுதியது:

ஆமாம். நேரம், எந்திர எண், வரிசை எண் மூன்றையும் ஒட்டி உருவாக்குகிறோம். டெஸ்டில் தானாக ஏறும் சாதாரண எண். ரெஸ்பான்ஸில் 41 இருக்கிறது, சரியாகச் சொன்னீர்கள்.

இன்னொன்று இப்போதுதான் உறைக்கிறது. 'ஒரே கீ இரண்டு பிள்ளைகளுக்கு இருக்கிறது' என்று ரியாக்ட் கன்சோலில் பல வாரமாக ஒரு எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. கீ என்பது ஒவ்வொரு வரிசைக்கும் ரியாக்ட் கேட்கும் தனி அடையாளம். ஐடியைத்தான் கீயாகக் கொடுத்திருக்கிறேன், ஐடி எப்படி இரண்டு முறை வரும், ரியாக்ட்தான் உளறுகிறது என்று விட்டுவிட்டேன்.

---

அரைப்புள்ளி எழுதியது:

கன்சோல் எச்சரிக்கையைப் படிக்கிறவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். நான் தூக்க மாட்டேன்.

---

எறும்பு எழுதியது:

இது ஜேசனின் குறைபாடு. ஒழுங்கான டைப் (எண்ணா, எழுத்தா என்ற வகை) இல்லாத ஒரு வடிவத்தை உலகம் முழுக்கப் பயன்படுத்தினால் இப்படித்தான். ப்ரோட்டோபஃப் மாதிரி இருபுறமும் டைப் எழுதிவைத்த ஒன்றுக்கு மாறுங்கள், வேலை முடிந்தது.

---

பழைய நிரலர் எழுதியது:

> இது ஜேசனின் குறைபாடு.

பாதி சரி. ஜேசன் இலக்கணத்தில் எண்ணுக்கு எல்லையே கிடையாது, ஆயிரம் இலக்கம் எழுதினாலும் அது முறையான ஜேசன்தான். 2017 டிசம்பரில் வந்த, ஜேசனின் தர ஆவணமான ஆர்எஃப்சி 8259 இந்தச் சங்கடத்தைத் தெரிந்தே பேசுகிறது: கழித்தல் 2^53 கூட்டல் 1 முதல் 2^53 கழித்தல் 1 வரை உள்ள முழு எண்களில்தான் எல்லாச் செயலிகளும் ஒத்துப்போகும் என்கிறது. அதற்கு வெளியே அவரவர் பாடு.

தும்பியின் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஜேசன் எழுத்துதான். பைத்தான் படித்தால் 941, அதன் முழு எண்ணுக்கு அளவு வரம்பு இல்லை. ஜாவாவில் லாங் ஃபீல்டுக்குள் படித்தால் 941. கோ மொழியில் இன்ட்64 ஃபீல்டு உள்ள ஸ்ட்ரக்டில் படித்தால் 941, ஆனால் டைப் சொல்லாத வெறும் இன்டர்ஃபேஸில் படித்தால் அது ஃப்ளோட்64 (டபுள்தான்), போயிற்று. ஒரே மொழிக்குள்ளேயே இரண்டு பதில்! கம்பியில் போவது எழுத்து மட்டும். டைப் உங்கள் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. எதிர்முனையில் இருப்பவர் அந்த எழுத்தைப் பார்த்துத் தன் வீட்டு டைப் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.

ப்ரோட்டோபஃப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கும் ஜேசனாக எழுதும் முறை ஒன்று உண்டு. அதில் இன்ட்64, யுஇன்ட்64 இரண்டையும் எண்ணாக எழுதுவதில்லை, ஸ்ட்ரிங்காக, அதாவது மேற்கோளுக்குள் எழுத்தாகத்தான் எழுதச் சொல்கிறார்கள். டைப் எழுதிவைத்தவர்களே எதிர்முனையில் ஜாவாஸ்கிரிப்ட் இருக்கும் என்று பயந்து எடுத்த முடிவு அது.

---

எறும்பு எழுதியது:

சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜாவாஸ்கிரிப்டுக்கு டைப் சேர்க்கும் டைப்ஸ்கிரிப்ட் இருக்கிறதே? ஐடி நம்பர் என்று எழுதியிருந்தால் அங்கேயே பிடித்திருக்காதா?

---

நத்தை எழுதியது:

பிடிக்காது. டைப்ஸ்கிரிப்டின் டைப் எல்லாம் கம்பைல் ஆகும்போதே உதிர்ந்துவிடும், ஓடும்போது ஒன்றுமே மிஞ்சாது. ஜேசன்.பார்ஸ் திருப்பித் தருவது 'எனி', அதாவது எந்த டைப்பும் ஆகலாம். அதை 'இது ஆர்டர்தான்' என்று நீங்கள் சொன்னால் அது உங்கள் வாக்குமூலத்தை அப்படியே நம்பும். உள்ளே ஸ்ட்ரிங் வந்தாலும் நல் (மதிப்பே இல்லை என்ற குறி) வந்தாலும் கண்டுகொள்ளாது. நிஜமாகச் சோதிக்க வேண்டுமென்றால் சோட் மாதிரி ஓடும்போது பார்க்கும் நூலகம் வேண்டும். அதுவும்கூட இந்த இடத்தில் உதவாது, ஏனென்றால் 936 முறையான நம்பர்தான்.

நான் வேலை செய்த ஓரிடத்தில் இதற்கு நேர்மாறான ஒன்று. சர்வர் பிஎச்பி. பட்டியலில் செல்லாதவற்றை அர்ரே_ஃபில்டர் வைத்து வடிகட்டி அனுப்பிக்கொண்டிருந்தோம். எல்லாம் செல்லும் நாள்களில் பக்கம் வேலை செய்யும். நடுவில் ஒன்று செல்லாமல் போனால் பக்கமே வெள்ளை. காரணம், அர்ரே_ஃபில்டர் பழைய சாவிகளை அப்படியே வைத்திருக்கும். 0, 1, 2-இல் 1 போனால் 0, 2 மிஞ்சும். பிஎச்பிக்குப் பட்டியலும் அகராதியும் ஒரே அர்ரேதான். சாவி 0-விலிருந்து தொடர்ச்சியாக இருந்தால் ஜேசனில் சதுர அடைப்பு போடும், இடையில் ஓட்டை விழுந்தால் நெளிவு அடைப்பு. பிரவுசரில் 'மேப்' என்ற ஃபங்ஷனே இல்லை என்று பிழை. கடைசி ஆளை மட்டும் வடிகட்டினால் ஓட்டை விழாது, அதனால் எங்கள் டெஸ்ட் பாஸாகிக்கொண்டே இருந்தது. அர்ரே_வேல்யூஸ் என்று ஒரு சொல் சேர்த்ததும் தீர்ந்தது. அந்த ஒரு சொல்லுக்கு மூன்று பேர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தோம்.

---

தும்பி எழுதியது:

நத்தை, சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

என் பிரச்சினைக்கு வருகிறேன். ஜேசன்.பார்ஸுக்கு இரண்டாவதாக ஒரு ஃபங்ஷன் கொடுக்கலாமே, அதில் ஐடி வந்தால் பிக்இன்ட் (அளவு வரம்பில்லாத முழு எண்) ஆக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

---

பழைய நிரலர் எழுதியது:

அந்த ஃபங்ஷன் கைக்கு மதிப்பு வரும்போது அது ஏற்கெனவே டபுள். பாலைக் கொட்டிவிட்டு வடிகட்டியைத் தேடுகிற கதை. பிக்இன்ட் 2020-ஆம் ஆண்டு ஜாவாஸ்கிரிப்ட் தரத்திலேயே வந்துவிட்டது, கணக்குக்கு நல்லது. ஆனால் ஜேசன்.பார்ஸ் தானாக அதைத் தராது. திருப்பி அனுப்பும்போது ஜேசன்.ஸ்ட்ரிங்கிஃபை அதைப் பார்த்தால் நேராகப் பிழை எறியும்.

நீங்கள் ஐடியைக் கூட்டப்போகிறீர்களா, பெருக்கப்போகிறீர்களா? இல்லை. அப்படியானால் அது எண்ணே இல்லை, இலக்கங்களால் எழுதிய பெயர். ஸ்ட்ரிங்காக அனுப்புங்கள். ஜாவாவில் ஜேசனுக்கு ஜாக்சன் நூலகம் என்றால் அந்த ஃபீல்டின் மேல் ஸ்ட்ரிங் வடிவம் என்று ஒரு குறிப்பு போட்டால் போதும். திரும்பி வரும்போது மேற்கோளுக்குள் இருக்கும் எண்ணை ஜாக்சன் தானாகவே லாங் ஆக்கிக்கொள்ளும், சர்வரில் வேறெதையும் தொட வேண்டாம்.

---

தும்பி எழுதியது (மறுநாள்):

போட்டேன். வெடித்தது. வரிசையாகச் சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

ஒவ்வொரு ஃபீல்டாகக் குறிப்பு போடச் சோம்பல்பட்டு, 'லாங் எல்லாமே ஸ்ட்ரிங்' என்று ஜாக்சனில் ஒரே இடத்தில் பொதுவாகப் பதிவு செய்தேன். ஐடி சரியாயிற்று. ஆனால் எங்கள் பக்க எண்ணும் லாங். அடுத்த பக்கத்துக்கு 1 கூட்டல் 1 என்று பிரவுசர் போட்டது, இப்போது அது ஸ்ட்ரிங் என்பதால் ஒட்டி 11 ஆகிவிட்டது. முதல் பக்கத்தில் 'அடுத்து' அழுத்தினால் பதினோராம் பக்கம்! ஆனால் 'முந்தையது' பொத்தான் சரியாக வேலை செய்தது. கழித்தல் போட்டால் ஜாவாஸ்கிரிப்ட் ஸ்ட்ரிங்கை எண்ணாக்கிக்கொள்கிறது, கூட்டல் போட்டால் ஒட்டுகிறது. முன்னே போனால் வெள்ளம், பின்னே வந்தால் தெளிவு.

பொதுப் பதிவை எடுத்துவிட்டு ஐடிகளுக்கு மட்டும் குறிப்பு போட்டேன். அப்புறம் ஐஓஎஸ் ஆப் விழுந்தது. அதில் ஐடி இன்ட்64 என்று எழுதியிருக்கிறது, மேற்கோளோடு வந்ததும் ஸ்விஃப்டின் டிகோடர் டைப் பொருந்தவில்லை என்று மொத்தப் பட்டியலையும் நிராகரித்துவிட்டது. ஆண்ட்ராய்டு ஆப் ஜிசான் என்ற ஜேசன் நூலகத்தைப் பயன்படுத்துகிறது, அது வாயே திறக்காமல் வாங்கிக்கொண்டது. இத்தனைக்கும் இந்த இரண்டு ஆப்களிலும் இதுவரை எந்தப் பிரச்சினையும் இருந்ததில்லை, இரண்டிலுமே 64 பிட் முழு எண் உண்டு. பிரவுசருக்காக மருந்து கொடுத்து மொபைலைப் படுக்க வைத்துவிட்டேன். இப்போது பழைய நிலைக்கே திருப்பி வைத்திருக்கிறேன்.

---

அரைப்புள்ளி எழுதியது:

இதே குழியில் ட்விட்டர் 2010-இல் விழுந்து எழுந்திருக்கிறது. நேரத்துக்கு 41 பிட், எந்திரத்துக்கு 10, வரிசைக்கு 12 என்று அடுக்கி ஸ்னோஃப்ளேக் ஐடிக்கு மாறியபோது, ஜாவாஸ்கிரிப்ட் உடையும் என்று தெரிந்து, ஐடி ஃபீல்டை எண்ணாக அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் ஐடி_ஸ்ட்ர் என்று இன்னொரு ஃபீல்டு சேர்த்தார்கள். பழைய ஆள்கள் பழையதைப் படிக்கட்டும், புதியவர்கள் புதியதை. அழகாக இல்லைதான். ஆனால் ஏற்கெனவே போனில் உட்கார்ந்திருக்கும் ஆப்பை நாம் போய்ப் பிடுங்கித் திருத்த முடியாதே.

---

தும்பி எழுதியது:

அதுதான் வழி என்று தோன்றுகிறது. அதையே செய்கிறேன்.

இதோடு தேதி பற்றியும் ஒரு கேள்வி, தனி இழை வேண்டாம் என்று இங்கேயே கேட்கிறேன். பிறந்த தேதி சிலருக்கு ஒரு நாள் முன்னால் காட்டுகிறது என்று ஒரு டிக்கெட் திறந்தே கிடக்கிறது. இதுவும் அதே ஜாதிதானா?

---

இரவுக்காவல் எழுதியது:

அதே ஜாதி, ஆனால் இது இன்னும் பொல்லாதது. எண்ணுக்காவது ஜேசனில் ஒரு இடம் உண்டு. தேதிக்கு அதுவும் இல்லை. ஆளாளுக்கு ஒரு வேஷம். ஜாக்சனில் ஒரு அமைப்பு மாறினால் ஜாவாவின் தேதி வகையான லோக்கல்டேட் [2024,3,15] என்று மூன்று எண்களாக வந்து நிற்கும். மைக்ரோசாஃப்டின் பழைய ஏஎஸ்பி.நெட் 'டேட்' என்ற சொல்லைச் சாய்கோடுகளுக்கு நடுவே போட்டு, அடைப்புக்குள் மில்லிவிநாடி எழுதும். பைத்தானின் ஜேசன் நூலகம் டேட்டைம் கொடுத்தால் 'எனக்குத் தெரியாது' என்று கைவிரித்துவிடும். உண்மையில் இவற்றில் நேர்மையானது அதுதான் என்பேன்.

உங்கள் டிக்கெட்டுக்கு வருவோம். சர்வர் 2024-03-15 என்று எழுத்தாக அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஜாவாஸ்கிரிப்டின் டேட்டுக்குள் போட்டால், நேரம் இல்லாத தேதி என்பதால் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். யூடிசிக்கு மேற்கே இருப்பவரின் கடிகாரத்தில் அப்போது இன்னும் 14-ஆம் தேதி சாயங்காலம். திரையில் 14. அதே எழுத்தின் பின்னால் டி போட்டு 00:00:00 என்று நேரத்தையும் சேர்த்தால், இப்போது அது உள்ளூர் நள்ளிரவு! எட்டு எழுத்தும் ஒரு டியும் சேர்ந்தால் அர்த்தமே மாறுகிறது. தரத்திலேயே அப்படித்தான் இருக்கிறது.

கிழக்கே இருப்பவருக்குத் திரும்பும் வழியில் அடி. தேதி தேர்வுக் கட்டத்தில் 15-ஐத் தொட்டால் பல கட்டங்கள் உள்ளூர் நள்ளிரவு 15 என்று ஒரு டேட் பொருளைத் தரும். அதை ஜேசனாக்கினால் யூடிசிக்கு மாறி 14-ஆம் தேதி மாலை என்று எழுதப்படும். சர்வர் முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்தால் 14. நான் பார்த்த ஒரு சுயவிவரப் பக்கத்தில், ஒன்றையும் மாற்றாமல் 'சேமி' அழுத்தினாலே ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் குறையும். ஒருவர் பொறுமையாக அழுத்திப் பார்த்துவிட்டு 'எனக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது' என்று புகார் எழுதியிருந்தார்.

பிறந்த தேதி ஒரு கணம் இல்லை, காலண்டரில் ஒரு கட்டம். அதை டேட் பொருளாக்காமல் ஸ்ட்ரிங்காகவே கொண்டுபோய் ஸ்ட்ரிங்காகவே கொண்டுவாருங்கள். திரையில் காட்ட வேண்டுமானால் கோடுகளில் பிரித்துக் காட்டுங்கள். உண்மையான கணங்களுக்கு, அதாவது எப்போது பதிவானது, எப்போது பணம் வந்தது போன்றவற்றுக்கு, யூடிசி நேரம், கடைசியில் யூடிசியைக் குறிக்கும் இசட். எதிர்காலத்தில் நடக்கப்போகும் சந்திப்பு என்றால் உள்ளூர் நேரத்தையும் நேரமண்டலத்தின் பெயரையும் சேர்த்து வையுங்கள், அரசாங்கங்கள் நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கின்றன.

---

அரைப்புள்ளி எழுதியது:

மாதம் 0-விலிருந்து ஆரம்பிக்கிறதே, அதையும் சொல்லுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் மார்ச் என்றால் 2. 1995-இல் ஜாவாவின் பழைய டேட்டைப் பார்த்து எழுதியபோது கூடவே வந்தது. ஜாவா பிறகு ஜாவா 8-இல் ஒழுங்கான நேர வகுப்புகளைக் கொண்டுவந்து தப்பித்துக்கொண்டது. இவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

அப்புறம் விநாடியும் மில்லிவிநாடியும். பிஎச்பியும் பைத்தானும் 1970-லிருந்து விநாடியில் எண்ணும், ஜாவாஸ்கிரிப்ட் மில்லிவிநாடியில். 1700000000 என்பது விநாடி என்றால் 2023 நவம்பர் 14. மில்லிவிநாடி என்று படித்தால் 1970 ஜனவரி 20. திரையில் ஜனவரி 1970 பார்த்தால் வேறெங்கும் தேடாமல் 1000-ஆல் பெருக்குங்கள்.

---

எறும்பு எழுதியது:

சரி, ஐடி ஸ்ட்ரிங், தேதி ஸ்ட்ரிங். பணத்தையும் ஸ்ட்ரிங் என்று சொல்லிவிடாதீர்கள். எல்லாமே ஸ்ட்ரிங் என்றால் பிறகு டைப் எதற்கு, நேராக ஒரு நீளக் கடிதமே எழுதிவிடலாமே.

---

பழைய நிரலர் எழுதியது:

பணத்தையும் ஸ்ட்ரிங் என்றுதான் சொல்லப்போகிறேன், மன்னித்துவிடுங்கள்.

பிரவுசர் கன்சோலைத் திறந்து 19.99-ஐ 100-ஆல் பெருக்குங்கள். 1998.9999999999998 வரும். இதை முழு எண்ணாக வெட்டினால் 1998. ஒரு காசு எங்கே போயிற்று என்று கணக்காளர் கேட்பார், பதில் சொல்ல முடியாது. ஜாவாவில் பிக்டெசிமல், சி ஷார்ப்பில் டெசிமல், பைத்தானில் டெசிமல் என்று பத்தடிமானத் துல்லியத்துக்கு ஆள் இருக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்டில் உள்ளேயே அப்படி ஒன்று இல்லை. எனவே சர்வரில் எவ்வளவு கவனமாக வைத்திருந்தாலும், ஜேசனில் எண்ணாக எழுதியதும் எதிர்முனையில் டபுள்.

பைத்தானில் இன்னொரு வலை. டெசிமலுக்கு 0.1 என்று ஃப்ளோட்டைக் கொடுத்தால் 0.1000000000000000055511151231257827 என்று தொடங்கி இன்னும் நீண்டுகொண்டே போகும். மேற்கோளுக்குள் கொடுத்தால் வெறும் 0.1. தவறு டெசிமலில் இல்லை, வாசலுக்கு வரும் முன்பே ஃப்ளோட் ஆகிவிட்டதில் இருக்கிறது.

ஸ்ட்ரிங் பிடிக்கவில்லையென்றால் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக அனுப்பலாம், 1999 என்று. நானே பல இடங்களில் அப்படிச் செய்திருக்கிறேன், எறும்பு. ஆனால் எல்லா நாணயத்திலும் நூறு சிறு அலகு கிடையாது. ஜப்பானிய யென்னுக்குப் புள்ளியே இல்லை, குவைத் தினாருக்கு மூன்று இலக்கம். நாணயக் குறியைப் பக்கத்தில் அனுப்பாமல் வெறும் 1999 அனுப்பினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

இன்னும் ஒன்று: 1.10 எண்ணாகப் போனால் 1.1 ஆகத் திரும்பும். ஜாவாவில் இரண்டு பிக்டெசிமலையும் ஈக்வல்ஸ் வைத்து ஒப்பிட்டால் 'வேறு வேறு' என்னும், கம்பேர்டூ வைத்தால் 'ஒன்றே' என்னும். கையொப்பத்துக்காக முழு எழுத்தையும் ஹேஷ் செய்கிறவர்களுக்கு (சுருக்கக் குறியீடாக்குகிறவர்களுக்கு) அந்த ஒரு பூஜ்யமே போதும், எல்லாம் நிராகரிக்கப்படும்.

---

எறும்பு எழுதியது:

யென் விஷயம் யோசிக்கவில்லை. சரி, அடுத்து பூலியனையாவது (உண்மை, பொய் மதிப்பு) விட்டுவைப்பீர்களா?

---

நத்தை எழுதியது:

ஜேசனுக்குள் இருக்கும் வரை பூலியன் நல்ல பிள்ளை. முகவரி வரியிலோ சாதாரண ஃபார்மிலோ வந்தால்தான் வினை, அங்கே எல்லாமே ஸ்ட்ரிங். 'ஃபால்ஸ்' என்ற சொல் காலியான ஸ்ட்ரிங் இல்லை, அதனால் ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, பைத்தான் மூன்றுக்கும் அது உண்மை! மேற்கோளுக்குள் உள்ள 0-ஐ ஜாவாஸ்கிரிப்டும் பைத்தானும் உண்மை என்னும், பிஎச்பி மட்டும் பொய் என்னும். ஃபார்மில் டிக் போடாத கட்டம் பொய் என்றுகூட வராது, வரவே வராது. டிக் போட்டால் 'ஆன்' என்று வரும்.

---

இரவுக்காவல் எழுதியது:

'வரவே வராது' என்பது ஜேசனிலும் உண்டு. ஒரு ஃபீல்டு இல்லாமல் போவதும், நல் என்று வருவதும் ஒன்றல்ல. திருத்தும் வேண்டுகோளில் இல்லாமல் போனால் 'தொடாதே', நல் வந்தால் 'அழி' என்று நாம் பேசிவைத்திருப்போம். ஜாவாஸ்கிரிப்டில் அன்டிஃபைன்ட் என்று வைத்தால் ஜேசனாக்கும்போது ஃபீல்டே காணாமல் போகும், அதே அன்டிஃபைன்ட் பட்டியலுக்குள் இருந்தால் நல் ஆகும், நான் (எண் அல்லாத அந்த எண்) கூட நல் ஆகும். கோ மொழியில் ஓமிட்எம்ப்டி (காலியானதை எழுதாதே) என்று போட்டால் 0, பொய், காலி ஸ்ட்ரிங் எல்லாம் சேர்ந்து மறையும். கையிருப்பு 0 என்று ஒருவர் திருத்தினார், எங்கள் கோ சேவை அதை அடுத்த சேவைக்கு அனுப்பும்போது ஃபீல்டே இல்லை, பழைய கையிருப்பு அப்படியே நின்றது. ஃபீல்டைப் பாயின்டர் ஆக்கி, 0-வும் இல்லாததும் வேறாகத் தெரியும்படி சரிசெய்தோம்.

---

எழுத்தெண்ணி எழுதியது:

எல்லாரும் ஸ்ட்ரிங்கில் சரணடைகிறீர்கள், அதுவும் பாதுகாப்பான ஊர் இல்லை.

'மொழி' என்று எழுதுங்கள். கண்ணுக்கு இரண்டு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் நீளம் 4, பைத்தானிலும் 4. கோ மொழியில் லென் (நீளம்) கேட்டால் 12, ஏனென்றால் அது யூடிஎஃப்-8 முறையில் எழுத்து எடுக்கும் பைட்டை எண்ணுகிறது. 'அதிகபட்சம் 10' என்று பிரவுசரில் ஒரு விதி, சர்வரில் அதே விதி என்று இருவரும் எழுதினால், பிரவுசர் அனுமதித்த பெயரை சர்வர் திருப்பி அனுப்பும். படமுகம் ஒன்றைப் போட்டால் ஜாவாஸ்கிரிப்டும் பைத்தானுமே பிரிந்துவிடும்: அங்கே 2, இங்கே 1.

இன்னொன்று. 'மொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் ஒரே மாதிரி இருக்கும். ஒப்பிட்டால் வேறு. பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை என்ற புகாரில் ஒரு பங்கு இதுதான். உள்ளே வாங்கும்போதே, ஒரே குறியீடாகச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், வாசலில் ஒரே ஒரு முறை.

---

தும்பி எழுதியது (மூன்று நாள் கழித்து):

ஐடியை அப்படியே விட்டு, பக்கத்தில் ஸ்ட்ரிங் ஐடி சேர்த்துவிட்டேன். பிரவுசர் புதியதை மட்டும் படிக்கிறது. ரியாக்ட் எச்சரிக்கை நின்றுவிட்டது. பட்டியலை ஐடிப்படி அடுக்கும் இடத்தில் 'ஒன்றிலிருந்து ஒன்றைக் கழி' என்று இருந்தது, அது சத்தமில்லாமல் மறுபடி டபுளாக்கிக்கொண்டிருந்ததைக் கடைசி நேரத்தில் பார்த்தேன். இப்போது முதலில் நீளத்தை ஒப்பிட்டு, நீளம் சமமாக இருந்தால் எழுத்தாக ஒப்பிடுகிறேன்.

டெஸ்ட் டேட்டாபேஸில் ஐடி 9007199254740993-இலிருந்து ஆரம்பிக்கும்படி மாற்றிவைத்தேன். முதல் நாளே இன்னும் இரண்டு பக்கங்கள் உடைந்தன.

ஒரு சந்தேகம் மிச்சம். பயனர்கள் 'பிடித்தவை' என்று குறித்ததைப் பிரவுசரிலேயே சேமித்து வைத்திருக்கிறோம். அதில் உள்ள பழைய ஐடிகள் எல்லாம் ஏற்கெனவே உருண்டுபோனவை. அவற்றிலிருந்து சரியானதைக் கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா?

---

பழைய நிரலர் எழுதியது:

கணக்குப் போட்டு மீட்க முடியாது. பல ஐடிகள் ஒரே மதிப்பில் விழுந்திருக்கின்றன, எது எது என்று அந்த மதிப்புக்கே தெரியாது. அந்தப் பயனர் பார்க்கக்கூடிய எல்லா ஐடிகளையும் சர்வரில் எடுத்து, ஒவ்வொன்றையும் டபுளாக்கி, சேமித்ததோடு பொருந்துவது ஒன்றே ஒன்றுதானா என்று பார்க்கலாம். ஒன்று என்றால் அதுதான். இரண்டு வந்தால் விட்டுவிடுங்கள், ஊகித்து எழுதாதீர்கள்.

---

தும்பி எழுதியது:

செய்து பார்த்தேன். பெரும்பாலானவை ஒன்றோடு மட்டும் பொருந்தின, அவற்றை மாற்றிவிட்டேன். மீதிக்கு 'இவற்றை மறுபடி தேர்ந்தெடுங்கள்' என்று ஒரு வரி காட்டுகிறேன்.

தேதி டிக்கெட்டை இப்போதுதான் கையில் எடுக்கிறேன். எங்கள் தேதிக் கட்டம் உள்ளூர் நள்ளிரவைத்தான் தருகிறது, இரவுக்காவல்.